அண்ணி போட்ட துண்டு

நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்கு நல்ல பேச்சு வருமா என்று எங்கள் தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். எனக்கும் அது சுலபத்தில் வராது. ஒரே சமையலறையில் இத்தனை வருஷம் இடித்துக்கொண்டு நின்றவள் நான். டப்பாவை எடுத்த இடத்தில் திருப்பி வைக்க மாட்டாள். மெதுவாகப் பேசத் தெரியாது. பக்கத்தில் நிற்கிற என்னிடம் தண்ணீர் கேட்டால்கூட நாலாவது வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். வயதில் என்னைவிடச் சின்னவள் வேறு. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆனால் நோய் வந்த அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதை நான்தான் சொல்வேன். ஆளாளுக்குக் கூட்டியும் குறைத்தும் சொல்கிறார்கள், கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. சிமெண்ட் கடைக்காரர் ஏதோ தான்தான் ஊரைக் காப்பாற்றிய மாதிரி பேசித் திரிகிறாராம். அவர் காப்பாற்றிய லட்சணத்தை நான் கண்ணால் பார்த்தேன். அதுவும் வரும், பொறுங்கள்.

அண்ணி பஸ் கண்டக்டராக இருந்தவள். டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கியே பாதி ஆயுசைக் கழித்தவள். தோளில் பை, வாயில் விசில். இரண்டு கையும் வேலையாக இருந்தால் முட்டியால் ஆளை நகர்த்துவாள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. "துண்டா டிக்கெட் எடுத்துச்சு?" என்று கேட்டு, வந்த வழியாகவே அதை வெளியே வீசிவிட்டு, நிற்கிற பிள்ளைத்தாய்ச்சியை அங்கே உட்கார வைப்பாள். அப்படிப் பறந்த துண்டுகளில் ஒன்று சிமெண்ட் கடைக்காரருடையது. அவர் அதை மறக்கவில்லை.

என் கல்யாணம் சரிப்படாமல் நான் பெட்டியும் தையல் மெஷினுமாகத் திரும்பி வந்தபோது, ஊரே ஏன் எதற்கு என்று துருவியது. அண்ணி ஒன்றுமே கேட்கவில்லை. "மெஷினை எங்கே போடறது? வெளிச்சம் வேணுமே" என்று சொல்லி முன் அறையைக் காலி செய்து கொடுத்தாள். அவளும் அண்ணனும் பின் அறைக்குப் போனார்கள். நான் அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் அவளுக்கும் பிடிக்காது.

நகர மன்றத் தேர்தல் வந்தபோது பயணிகள்தான் அவளை இழுத்து நிறுத்தினார்கள். ஊரில் பாதிப் பேரை ஏற்கெனவே அதட்டி வைத்திருந்ததால் ஓட்டுக் கேட்கப் போனபோது அறிமுகமே தேவைப்படவில்லை. ஜெயித்தாள், தலைவியும் ஆனாள். சிமெண்ட் கடைக்காரர் துணைத் தலைவர். தலைவர் அறையில் முதுகு உயர்ந்த சுழல் நாற்காலி ஒன்று உண்டு. நின்று நின்றே வேலை பார்த்ததில் அண்ணிக்குக் காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும், சாயங்காலமானால் பாதம் செருப்புக்குள் போகாது. பதவியேற்ற அன்றைக்கு அந்த நாற்காலியிலிருந்து எனக்கு போன் செய்தாள். "கால் தரைக்கு எட்டல. ஆனா உட்கார்ந்துக்கிட்டே பார்க்கிற வேலைன்னு ஒண்ணு உலகத்துல இருக்கத்தான் செய்யுது" என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேட்டதே இல்லை.

அப்புறம்தான் நோய் வந்தது.

முதல் வாரங்களில் அண்ணிக்குக் கஷ்டமே இல்லை என்றுதான் சொல்வேன். கூட்டத்தைப் பிரித்து நிறுத்துவது அவளுக்குக் கைவந்த வேலை. மன்ற வாசலில் தண்ணீர்த் தொட்டியும் சோப்பும் வைத்தாள். குப்பை வண்டியில் ஏறி நின்று தெருத் தெருவாக மைக்கில் பேசினாள். "என்னங்க அது, ஓசி பஸ் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க, தள்ளி நில்லுங்க" என்று அவள் சொன்னால் ஜனங்கள் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்கள். நான் என் பங்குக்கு முகக்கவசம் தைத்துத் தள்ளினேன். ஊரெல்லாம் அவள் சொன்னதைக் கேட்டது. மார்க்கெட் மட்டும் கேட்கவில்லை.

எங்கள் மார்க்கெட் தாழ்ந்த தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. ஒரே வாசல். நடைபாதையில் எதிரே ஆள் வந்தால் ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் மேல் படாமல் தாண்ட முடியாது. பக்கத்து ஊரில் இதே மாதிரி மார்க்கெட்டுக்குள் நோய் புகுந்து, அங்கிருந்து வீடு வீடாகப் பரவி, ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சமயம். மாவட்ட அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர், தூங்கிப் பல நாளான முகம்.

"மூடிடுங்க மேடம். நீங்க மூடலைன்னா நான் போலீஸை அனுப்ப வேண்டி வரும்."

"போலீஸ் முன்பக்கமா விரட்டினா அவங்க பின்பக்கமா வந்து உட்காருவாங்க சார். எனக்கு இந்த வாரக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க. அவங்களா எந்திரிக்கணும்" என்றாள் அண்ணி. அவர் கொடுத்தார்.

அவர்கள் ஏன் எழுந்திருக்க மாட்டார்கள் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் மார்க்கெட்டில் இடத்துக்குப் பத்திரமும் கிடையாது, சீட்டும் கிடையாது. யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு அந்த இடம். காலையிலிருந்து ஆளில்லாமல் கிடந்தால், சாயங்காலம் வாசல் மணி அடித்ததும் வேறொருத்தர் தராசு அங்கே இறங்கிவிடும். அப்புறம் அழுது புரண்டாலும் திரும்பாது. யாரும் பரிந்து பேசவும் மாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் அப்படி வந்து உட்கார்ந்தவர்கள்தான். உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டிலிருந்து யாரையாவது கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். வாசலுக்கு வெளியே வெயிலில் கூடையோடு நிற்கிறவர்கள், ஒரு இடம் எப்போது காலியாகும் என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அங்கே தூண் ஓரத்து இடத்தில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் விற்கிறவள் அண்ணியைப் பெற்ற அம்மா. புருஷன் செத்த அன்றைக்குக்கூட அந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயசிலிருந்த மகளை அங்கே உட்கார வைத்துவிட்டுத்தான் அம்மா சாவு வேலையைப் பார்க்கப் போனாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது அண்ணி யாருக்கோ வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாள். இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், முகத்தைத் திருப்பவே இல்லை.

அந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு. இரண்டு மூட்டையை நகர்த்தினால் நெஞ்சு விசிலடிக்கும். இந்த நோய் அவளைத் தொட்டால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார். ஆக, அண்ணிக்கு அந்த வாரம் இரண்டு கவலை. ஊருக்குள் நோய் பரவாமல் மார்க்கெட்டை எழுப்ப வேண்டும். பெற்றவளை உயிரோடு எழுப்ப வேண்டும். மார்க்கெட்டில் பழைய ஆள் அம்மாதான், அவள் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் இரண்டும் ஒன்றுதான்.

முகக்கவச மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். அண்ணி நடைபாதை நடுவில் நின்று சொன்னாள். "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் மார்க்கெட் இருக்காது. நோய் போனதும் நானே திறப்பேன். உங்க உங்க இடம் உங்களுக்கே. அதுக்கு நான் பொறுப்பு."

ஒருத்தரும் அசையவில்லை. பூசணிக்காய் விற்கிற மீசைக்காரர்தான் வாயைத் திறந்தார். "கண்டக்டரம்மா, பஸ்ஸுல துண்டு போட்டு வச்ச இடத்தையே நீங்க விட்டு வச்சதில்ல. ஆளே இல்லாத இடத்தை எங்களுக்காகக் காப்பாத்தப் போறீங்களாக்கும்?" மார்க்கெட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அண்ணி அம்மாவிடம் போனாள். "அம்மா, முதல்ல நீ எந்திரி."

"எதுக்குடி?"

"நீ எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாங்க."

"அதனாலதான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள் அம்மா. வெங்காயத்தின் காய்ந்த தோலை உரித்துக்கொண்டே பேசினாள். "உன் பேச்சை நம்பி எல்லாரும் எந்திரிச்சு, நாளைக்கு இவங்க இடமெல்லாம் போச்சுன்னா நான் யாரு மூஞ்சில முழிக்கிறது? நீ உன் ஆபீஸுக்குப் போயிடுவே. இவங்களோட இருக்கப் போறவ நான். தள்ளி நில்லு, வியாபாரத்தை மறைக்கிறே."

அண்ணி திரும்பி நடந்தாள். மனசு கேட்கவில்லை எனக்கு. அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தாள், சாப்பிடவில்லை. நான் சும்மா இருக்க மாட்டாமல், "என்ன அண்ணி, வண்டியை விட்டு ஒருத்தரும் இறங்க மாட்டேங்கறாங்களா?" என்று கேட்டேன்.

"இறங்கி எங்கே போறதுன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள். கோபப்படாமல் சொன்னது எனக்கே ஆச்சரியம். "நான் பாட்டுக்கு எறங்கு எறங்குன்னு கத்தினா? நட்டநடு ரோட்டுல எறக்கி விட்டா எவன் எறங்குவான்?"

என் அண்ணன் பஸ் டெப்போவில் மெக்கானிக். வீட்டில் யார் எந்தக் கவலையில் இருந்தாலும் அவனுக்கு அவன் கவலைதான். அன்றைக்கும் ஆரம்பித்தான். நோயால் எல்லா வண்டியும் ஓடாமல் வரிசையாக நிற்கிறதாம், பேட்டரி இறங்குகிறதாம், எலி வயரைக் கடிக்கிறதாம். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி ஓடுற நிலைமையில இருக்கா?"

"ஏன் ஓடாது? நான் மெக்கானிக்கா, மண்ணாங்கட்டியா?"

"சீட்டையெல்லாம் கழட்ட முடியுமா?"

சோறு பிசைந்துகொண்டிருந்த அண்ணன் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அதற்குள் அதிகாரிக்கு போன் போட்டுவிட்டாள். "சார், மார்க்கெட்டை நான் மூடறேன். நீங்க பஸ்ஸைக் குடுங்க." அவர் நீளமாக யோசித்துவிட்டு, சரி, ஆனால் பஸ்ஸைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன் என்றார்.

மறுநாள் காலையில் மறுபடியும் மார்க்கெட். இந்தத் தடவை அண்ணி கையில் அவளுடைய நீலத் துண்டு இருந்தது.

"நேத்து பாதிதான் சொன்னேன், மீதியைக் கேளுங்க. நீங்க வீட்டுல போய் உட்கார வேணாம். டெப்போ பஸ்ஸெல்லாம் உங்க கடை. ஒரு வண்டிக்கு நாலஞ்சு பேர். ஆளு உங்களைத் தேடி வராது, நீங்க தெருத் தெருவாப் போவீங்க. இங்க உங்க இடத்துல ஆளுக்கு ஒரு துண்டு போட்டுட்டு வாங்க. நான் வாசலைப் பூட்டிடறேன். திறக்கிற அன்னிக்கு சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் துண்டு போட்டவங்களுக்குத்தான் இடம். மணிக்கு அப்புறமும் ஆள் வரலைன்னா, நம்ம பழைய வழக்கம்தான், வெளியில நிக்கிறவங்களுக்கு." வாசலில் கூடையோடு நின்ற தக்காளிக்காரி அதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

"துண்டுக்கு நீங்களா மரியாதை குடுக்கப் போறீங்க?" என்றார் மீசைக்காரர்.

"ஆமா, நான்தான். இதுவரைக்கும் எத்தனை துண்டை வீசியிருப்பேன். அதனால எவன் வந்து இதை எடுக்கப் பார்ப்பான், எப்படி எடுக்கப் பார்ப்பான்னு எனக்குத்தான் தெரியும்."

இப்போது சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வாயால சொன்னா ஆச்சா? நாங்க இடத்தை விடறோம். நீ எதை விடுவே?" என்று கேட்டாள்.

"என் நாற்காலியை விடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாளா, அந்த நிமிஷம் வாயில் வந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

"நீங்க திரும்பி வந்து உட்கார்ற வரைக்கும் நான் அதுல உட்கார மாட்டேன். இந்தத் துண்டு அதுக்குத்தான்."

"சிமெண்ட் கடைக்காரர் சும்மா இருப்பாரா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"இருக்க மாட்டார். அதனாலதான் சொல்றேன்" என்றாள் அண்ணி.

அம்மா மூட்டையின் வாயைக் கட்டினாள். தராசைக் கூடையில் வைத்தாள். முட்டியில் கையை ஊன்றி, இரைத்து இரைத்து எழுந்தாள். தோளில் கிடந்த பழுப்புத் துண்டை உதறித் தன் இடத்தில் விரித்து, பறக்காமலிருக்க ஒரு எடைக்கல்லை அதன்மேல் வைத்தாள். அடுத்து மீசைக்காரர் எழுந்தார். அப்புறம் வரிசையாக எல்லாரும். போலீஸ் இல்லை, தடி இல்லை, ஒரு சத்தம் இல்லை. துண்டும் சாக்கும் பழைய சட்டையுமாக அந்த மார்க்கெட் முழுவதும் விரிந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவள் எங்கள் வீட்டுக்காரி என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன். அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

எல்லாம் அப்படியே சுபமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் கூத்தைக் கேட்டால் வயிறு வலிக்கும்.

பஸ் எங்கள் தெருவுக்குள் வந்தது. கண்டக்டர், அண்ணியோடு வேலை பார்த்த பழைய ஆள். ஜன்னல் வழியாக மட்டும் வியாபாரம், யாரையும் ஏற்றக் கூடாது என்று அண்ணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். டிரைவர் பழக்க தோஷத்தில் தெருமுனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். பஸ் தள்ளி நின்றால் எங்கள் ஊர்க்காரன் என்ன செய்வான்? ஓடுவான். பையைத் தூக்கிக்கொண்டு மொத்தத் தெருவும் பின்னால் ஓடியது. ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "ஏறு ஏறு, உள்ள இடம் இருக்கு, முன்னாடி போங்க" என்று ஆரம்பித்துவிட்டார். படிக்கட்டில் திபுதிபுவென்று ஏறினார்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார். உள்ளே சீட்டே இல்லை, அது கத்தரிக்காய்க் குவியல் மேல் விழுந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்னால் அதிகாரியின் ஜீப்.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே மைக்கோடு வந்த அண்ணி குப்பை வண்டியிலிருந்து குதித்தாள். இடுப்பிலிருந்து பழைய விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினாள். ஏறியவர்கள் அப்படியே நின்றார்கள். "எறங்கு" என்றாள். வந்த வேகத்தில் இறங்கினார்கள். அதிகாரியிடம் போய், "பழக்கம் சார். பஸ்ஸுன்னா ஏறத்தான் தோணும், கண்டக்டர்னா ஏத்தத்தான் தோணும். ஒரே ஒரு நாள் விடுங்க" என்று கேட்டாள். அவர் முகக்கவசத்துக்குள் சிரித்தாரா முறைத்தாரா தெரியவில்லை. "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானமே அண்ணன் எல்லா வண்டிப் படிக்கட்டிலும் பலகை அடித்து மூடினான். டிரைவர்களுக்கு ஒவ்வொரு வீட்டு வாசலும் ஒரு ஸ்டாப் என்று சொல்லப்பட்டது. கண்டக்டருக்கு வாயைத் திறந்தால் 'ஏறு' என்றுதான் வருகிறது என்பதால், விசிலைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று உத்தரவு. மறுநாள் அதிகாரி வந்து பார்த்தபோது ஜனங்கள் அவரவர் வாசற்படியில் கூடையோடு நின்றார்கள், பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அவரே ஒரு ஜன்னலில் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனார்.

நகர மன்றம் நின்றபடியே நடந்தது. நாற்காலியில் நீலத் துண்டு கிடக்கும், அண்ணி ஜன்னல் திண்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவாள். ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா, வயசானவர்களுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்ததா, நோய் கண்டு தனியாக வைத்த வீடுகளுக்குச் சாப்பாடு போனதா, எல்லாம் நின்றபடியே. சாயங்காலம் கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். "ஒரு முக்காலியில உட்காரேன், அது நாற்காலி இல்லையே" என்று வாதாடிப் பார்த்தேன். "பஸ்ஸுல என்னை ஏமாத்தப் பார்த்தவங்கல்லாம் இப்படித்தான் பேசினாங்க" என்றாள். இழுபடுகிற துணியில் முட்டி வரைக்கும் இறுக்கமாகக் காலுறை தைத்துக் கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் தைத்தேன்.

ஒருநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த சமயம், சிமெண்ட் கடைக்காரர் தலைவர் அறைக்குள் நுழைந்தார். துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். நான் முகக்கவசம் கொடுக்க வந்தவள் வாசலில் நின்றேன். "ஊருக்கு ஒரு தலைவர் உட்கார்ந்து வேலை பார்க்க வேணாமா?" என்றார் என்னைப் பார்த்து. இத்தனை நாள் அவள் வீங்கிய காலோடு நின்றது இந்த மனுஷன் சாய்ந்து உட்காரவா? பியூன் யாருக்கோ போன் செய்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்து மன்ற வாசலில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. வியாபாரிகள் யாரும் இறங்கவில்லை, கூட்டம் கூடக் கூடாது என்பதை அவர்கள் மறக்கவில்லை. ஜன்னல் ஜன்னலாக நின்றுகொண்டு உள்ளே பார்த்தார்கள். படிக்கட்டுப் பலகையைக் கழற்றி ஒரே ஒரு ஆள் இறங்கினாள். அண்ணியின் அம்மா. இரைக்க இரைக்கப் படியேறி, அறை வாசலில் தள்ளியே நின்றாள்.

"எந்திரிப்பா. அது என் பொண்ணு இடம்."

"அம்மா, இது மார்க்கெட் இல்ல. அரசாங்க ஆபீஸ்."

"துண்டு போட்டிருக்கா இல்ல?"

"துண்டு போட்டா நாற்காலி அவங்களுதாகிடுமா?"

"எங்களுது அவளை நம்பித்தான் கிடக்குது. அவளுது எங்களை நம்பிக் கிடக்குது. எந்திரி."

வெளியே ஒரு டிரைவர் ஹாரனை அழுத்தினார். அடுத்தவரும் அழுத்தினார். ஊரே அதிர்ந்தது. சிமெண்ட் கடைக்காரர் எழுந்தார். எழுந்தது மட்டுமில்லை, துண்டைத் தன் கையாலேயே எடுத்து நாற்காலியில் போட்டார். அம்மா கிட்டே போய் அதன் சுருக்கத்தை நீவி விட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள். விஷயம் தெரிந்து ஓடி வந்த அண்ணி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதையும் நின்றபடிதான் அழுதிருப்பாள்.

நோய் ஓய்ந்து அடங்க வெகுகாலம் ஆனது. எங்கள் ஊரிலும் சாவு விழுந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மார்க்கெட்டிலிருந்து ஒரு ஆளைக்கூட நாங்கள் பறிகொடுக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதன் அருமை தெரியும்.

நோய் ஓயப் போகிற சமயத்தில் அம்மாவுக்கு வந்துவிட்டது. எங்கிருந்து தொற்றியதோ. அண்ணியே அவளைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் தயாராக இருந்தது, நின்றபடியே அண்ணி வாங்கி வைத்தவற்றில் ஒன்று. அம்மா பிழைத்தாள். ஆனால் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து முன் அறையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டோம். இந்த அறையைவிட்டு அந்த அறைக்கு நடந்தாலே சுவரைப் பிடித்துக்கொள்வாள். இனி மூட்டை தூக்கவோ நாள் முழுக்க உட்காரவோ முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை ஒப்புக்கொண்ட மாதிரி அம்மா காட்டிக்கொள்ளவே இல்லை.

மார்க்கெட் திறக்கிற நாள் வந்தது. வாசலைத் திறந்ததும் அவரவர் தம் தம் துண்டிடம் போய் நின்றார்கள். தூசி படிந்திருந்தது, ஒன்றுகூட இடம் மாறியிருக்கவில்லை. மீசைக்காரர் தன் சாக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நாலைந்து பேர் அண்ணியை மன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் அப்போதும் தரைக்கு எட்டவில்லை. நான் நிறையப் படம் எடுத்தேன்.

தூண் ஓரத்தில் மட்டும் பழுப்புத் துண்டு அப்படியே கிடந்தது. சாயங்காலம் மணி அடித்தது. அண்ணி வந்து அந்த இடத்தருகே நின்றாள்.

"அது அப்படியே இருக்கட்டும் தலைவியம்மா" என்றார் மீசைக்காரர். "உங்க அம்மா இடம். யாரும் உட்கார மாட்டோம்." எல்லாரும் ஆமாம் என்றார்கள். வாசலில் நின்ற தக்காளிக்காரியும் ஆமாம் என்றாள்.

"மணி வரைக்கும்னுதான் நான் வாக்குக் குடுத்தேன்" என்றாள் அண்ணி. "எல்லாருக்கும் ஒண்ணுதான்." எடைக்கல்லை நகர்த்தி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பினாள். "வாம்மா, வந்து உட்காரு." தக்காளிக்காரி அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தாள். அண்ணி அழவில்லை, தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுக்குக் கவலை.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி துண்டை அவள் மடியில் வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள்.

"யாரு உட்கார்ந்திருக்கா?"

"வாசல்ல நிக்குமே, தக்காளிக்காரம்மா."

அம்மா துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். மூச்சு ஒரு நிதானத்துக்கு வருவதற்காகக் கொஞ்சம் காத்திருந்தாள்.

"தூணுக்கு வலப்பக்கம் கூரை ஒழுகும்" என்றாள். "அவளுக்குத் தெரியாது. பெட்டியை அந்தப் பக்கம் வச்சான்னா தக்காளி பூராவும் அழுகிடும். இடப்பக்கமா வச்சுக்கச் சொல்லு. இத்தனை வருஷமா நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. நீதான் இப்ப நாற்காலியில உட்கார்ந்துட்டியே, அந்த ஓட்டையை அடைச்சுக் குடுடி."

அண்ணி சரிம்மா என்றாள். மறுநாள் விடிந்ததும் தகரம் அடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.